எந்த ஈ என்று தெரிந்தால்தான் எந்தப் பொறி என்று தெரியும்

“அண்ணே, பாகல் பந்தல்ல பத்துப் பொறி கட்டியும் ஒரு ஈ கூட விழலை” என்று போன் வந்தால், நான் முதலில் கேட்பது ஈயின் போட்டோவைத்தான்.

மாவைத் தாக்கும் பழ ஈ மீத்தைல் யூஜினால் வாசனைக்கு வரும். பாகல், புடலை, பீர்க்கில் முட்டையிடும் ஈ அதைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு க்யூலூர் வேண்டும். மாத்திக் கட்டினால் காசும் போச்சு, காயும் போச்சு.

பறக்கிற ஈயைத் துரத்த வேண்டாம். சொத்தைக் காய் நாலைந்தை, அடியில் ஈர மணல் போட்ட டப்பாவில் வைத்து, வாயைத் துணியால் கட்டுங்க. புழு மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். இரண்டு வாரம் போல ஈ வரும். நிறம் ஏற இரண்டு நாள் விடுங்க. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தால் போதும். பிறகு ஃபிரிட்ஜில் ஐந்து நிமிஷம் வைத்தால் ஈ மரத்துப்போகும். வெள்ளைத் தாளில் வைத்து முதுகு, இறக்கை, பக்கவாட்டு என மூன்று படம் எடுங்க.

இறக்கையின் முன்விளிம்பில் பழுப்புப் பட்டை ஓடி, நுனியில் அகன்று பொட்டாக முடிகிறதா? முதுகின் ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று என மூன்று மஞ்சள் கோடு இருக்கிறதா? அது பந்தல் காய் ஈ.

முன்விளிம்பில் மெல்லிய கருங்கோடு மட்டும், முதுகில் ஓரக் கோடு இரண்டு மட்டும் என்றால் மா ஈ. கொய்யாவில் வரும் இன்னொரு வகைக்கு இறக்கை நுனியில் சின்னப் பொட்டு மட்டும் இருக்கும். இந்த இரண்டையும் படத்தில் பிரிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டுக்குமே மீத்தைல் யூஜினால்தான்.

கருப்பு மஞ்சள் பட்டையோடு, பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஈயையும் சிலர் பழ ஈ என்று அனுப்புகிறார்கள். அது சிர்பிட் ஈ. அதன் புழு அசுவினியைத் தின்று நமக்கு வேலை செய்கிறது. அது இருக்கிற செடியில் எந்தக் கரைசலும் அடிக்காதீங்க.

சரியான பொறி கட்டினாலும் அதில் விழுவது ஆண் ஈதான். முட்டையிடுவது பெண். அதனால் சொத்தைக் காயைத் தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்க. வரப்பில் வீசினால் அடுத்த தலைமுறையை நாமே வளர்க்கிறோம்.