43 விநாடி, 24 மணி நேரம்!

'பி.காம். படித்தவனுக்கு டேட்டாபேஸில் என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். இது கணக்கு டாலியாகாத கதை!

'கிட்ஹப்' தெரியுமில்லையா? உலகத்து புரோகிராமர்களெல்லாம் தாங்கள் எழுதியதைப் பத்திரப்படுத்தும் அமெரிக்க நிறுவனம். 2018-இல் அதன் டேட்டாபேஸின் மூலப்பிரதி கிழக்குக் கரையில் இருந்தது, நகல் மேற்குக் கரையில்.

2018 அக்டோபர் 21. பழுதான ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றும்போது 43 விநாடி தொடர்பு அறுந்து போச்சு. அவ்வளவுதான்! கிழக்கு காலி என்று முடிவுகட்டி, காவலுக்கு இருந்த புரோகிராம் மேற்குக்குப் பட்டாபிஷேகம் செய்துவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதிய பதிவுகள் மேற்குக்குப் போகவில்லை; மேற்கிலோ புதுப் பதிவுகள் குவிகின்றன. ஒரே பேரேடு, இரண்டு கணக்குப்பிள்ளை!

ஒரு பக்கத்தை அழித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அவர்கள் போகவில்லை. கிழக்கை பேக்கப்பிலிருந்து மீட்டு, மேற்கோடு சமமாக்கி நிமிர 24 மணி 11 நிமிடம் ஆச்சு. விட்டுப்போன பதிவுகளைத் தனியே எடுத்து வைத்தார்கள். பரபரப்பான ஒரு தொகுதியில் மட்டும் 954! அவற்றை அப்புறம் நிதானமாக ஒப்பிட்டார்கள்.

பாங்க் ரிகன்ஸிலியேஷன் பாடமும் இதேதான் சார்: வித்தியாசம் வந்தால் ரப்பரைத் தேடாதே. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வை!