வரி நீங்கினாலும் வழி திறந்துவிடாது

விளைந்ததைக் களத்துமேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் உழவர் பாடு முடிந்துவிடுவதில்லை. சரக்கு கெடாமல் சந்தைக்குப் போய், விலையாகி, பணம் கைக்கு வரவேண்டும். வழியில் லாரி ஓர் இரவு நின்றுபோனால் தக்காளியும் மீனும் என்ன கதியாகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியாததல்ல.

பிரிட்டன் நாட்டு விவசாயிகளும் மீனவர்களும் 2021-ம் ஆண்டில் இந்தத் தொல்லையில் சிக்கினார்கள். அவர்கள் விளைவித்த பொருளுக்குச் சுங்கவரி கிடையாது என்று ஒப்பந்தம் இருந்தது. இருந்தும் லாரிகள் நின்றன. காரணம் என்ன, அதில் நமக்குள்ள பாடம் என்ன என்று பார்ப்போம்.

பொதுச் சந்தையில் இருந்தபோது

1973 ஜனவரி 1-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. இதுவே பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியம் ஆயிற்று. 1993 ஜனவரி 1 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே செல்லும் சரக்குக்கு எல்லையில் சுங்கச் சோதனை நீக்கப்பட்டது. பிரிட்டனின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்குக் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். ஸ்காட்லாந்தில் பிடித்த சிங்கி இறாலை ஏற்றிய லாரி, நம் ஊரில் ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டம் போவதுபோல் பிரான்சுக்குப் போய்வந்தது.

சோதனை ஏன் தேவைப்படவில்லை? எல்லா நாடுகளுக்கும் கால்நடை நோய், பயிர் நோய், உணவுச் சுத்தம் பற்றி ஒரே சட்டம் இருந்தது. ஒரு நாட்டு அதிகாரி பார்த்துவிட்டால் மற்ற நாடும் அதை ஒப்புக்கொண்டது.

பிரிந்த பிறகு

2016 ஜூன் 23-ல் நடந்த வாக்கெடுப்பில் 52 சதவீதம் பேர் ஒன்றியத்தைவிட்டு விலகலாம் என்று வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் விலகியது. அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை பழைய நடைமுறையே நீடித்தது. டிசம்பர் 24-ல் இரு தரப்பும் வணிக உடன்பாடு கண்டன. அதன்படி வரியும் இல்லை, இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவுக் கட்டுப்பாடும் இல்லை.

இதைக் கேட்டுப் பலர் கவலை தீர்ந்தது என்றே எண்ணினார்கள். ஆனால் 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்தின் கண்ணில் பிரிட்டன் ஓர் அந்நிய நாடு. எனவே மூன்று காரியங்கள் கட்டாயமாயின.

1. சுங்கப் பத்திரம்: லாரியில் என்ன சரக்கு, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்று எழுதித் தரவேண்டும்.

2. பிறப்பிடச் சான்று: வரி விலக்கு பிரிட்டனில் விளைந்த அல்லது செய்த பொருளுக்கு மட்டுமே. வேறு நாட்டில் விளைந்ததை வாங்கிப் பொட்டலம் மாற்றி அனுப்பினால் விலக்கு கிடைக்காது.

3. சுகாதாரச் சான்று: இறைச்சி, பால்பொருள், மீன் ஆகியவற்றுக்கு அரசு அனுமதி பெற்றவர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். இறைச்சி என்றால் அவர் கால்நடை மருத்துவர். செடி, நாற்று போன்றவற்றுக்குப் பயிர்நோய் இல்லை என்ற சான்று வேண்டும். குறிப்பிட்ட சோதனை நிலையம் வழியாகவே உள்ளே போகமுடியும்.

மண் ஒட்டினாலும் தடை

சில பொருள்களுக்குச் சான்று இருந்தும் பயனில்லை. ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்குக்குப் பெயர்பெற்ற நாடு. வெளிநாட்டு விதைக் கிழங்கை ஒன்றியம் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே அந்தச் சந்தை ஒரே நாளில் மூடியது. மண் வழியே நோய் பரவும் என்பதால், பிரிட்டனின் தோட்ட மண் ஒட்டிய செடியும் உள்ளே போகக் கூடாது. ஓட்டிப் பழகிய டிராக்டரை அனுப்பினாலும் மண் நீங்கக் கழுவி, பயிர்ச் சுகாதாரச் சான்று பெறவேண்டும். சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளைக்கூட, பூச்சி சாகும்படி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து முத்திரை குத்தவேண்டும்.

சிறு சரக்கின் பாடு

இதில் அதிகம் நொந்தவர்கள் சிறு உற்பத்தியாளர்கள். ஒரே ஆளின் ஒரே சரக்கால் நிறைந்த லாரிக்கு ஒரு கட்டுப் பத்திரம் போதும். பத்துப் பேரின் பத்துப் பெட்டிகளை ஏற்றிய லாரிக்குப் பத்துக் கட்டு வேண்டும். அதில் ஒருவருடைய சான்றில் ஒரு எண் தவறினாலும் லாரி நிற்கும். ஒழுங்காக எழுதிய ஒன்பது பேரின் சரக்கும் அதோடு சேர்ந்து கெடும்.

2021 ஜனவரியில் ஸ்காட்லாந்தில் இதுதான் நடந்தது. கலப்புச் சரக்கை ஏற்றுவதைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கும் நிலைகூட வந்தது. சந்தைக்கு நேரத்தில் போய்ச்சேராத மீனும் இறாலும் விலை இழந்தன. ஜனவரி 18-ல் மீன் வியாபாரிகள் லாரிகளை லண்டனுக்கே ஓட்டிவந்து அரசு அலுவலகங்கள் உள்ள தெருவில் நிறுத்தி முறையிட்டார்கள். மறுநாள் அரசு 2 கோடியே 30 லட்சம் பவுன் நிவாரணம் அறிவித்தது.

எதிர்த்திசையில் வரும் சரக்கைச் சோதிப்பதைப் பிரிட்டன் பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஏப்ரல் 30-ல் தொடங்கியது. டோவர் வழியாகவும் கடலடிச் சுரங்கப்பாதை வழியாகவும் வரும் இறைச்சிக்கு, ஒரு வகைக்கு 29 பவுன் என்றும், ஒரே பத்திரத்தில் பல வகை இருந்தால் உச்சமாக 145 பவுன் என்றும் கட்டணம் வைத்தது. சோதனைக்கு எடுக்காவிட்டாலும் இதைக் கட்டியாகவேண்டும். ஒரே வகை இறைச்சி 20 டன் கொண்டுவந்தவருக்கும் 29 பவுன்தான். 20 கிலோ கொண்டுவந்தவருக்கும் அதேதான். கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டால் சிறியவரின் கஷ்டம் விளங்கும்.

இந்தச் சிக்கலைக் குறைக்க, 2025 மே 19-ல் லண்டனில் கூடிய இரு தரப்பும் உணவு, பயிர், கால்நடைச் சுகாதாரத்துக்குப் பொது ஏற்பாடு காண இசைந்தன.

நமக்கு என்ன?

2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நம் விளைபொருள்கள் பலவற்றுக்கும் அங்கே வரி நீக்கம் பேசப்பட்டிருக்கிறது. வரவேற்கவேண்டியதே. ஆனால் பயிர்நோய்ச் சோதனையும் பூச்சிமருந்து எச்சச் சோதனையும் வரியோடு சேர்ந்து போய்விடுவதில்லை. 2014 மே 1 முதல் நம் மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததை மறந்துவிடக் கூடாது. அதற்குக் காரணம் வரியல்ல. பழ ஈ முதலிய பூச்சிகள். மாம்பழத்துக்கு 2015 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

எனவே ஏற்றுமதியாளருக்குச் சரக்குக் கொடுக்கும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நல்லது:

* எந்த நாளில் எந்த மருந்தை எவ்வளவு தெளித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். தெளித்தபின் அறுவடைக்கு விடவேண்டிய நாட்களைக் குறைக்காதீர்கள்.

* பூச்சி குத்திய காய் ஒன்று போனாலும் முழுச் சரக்கும் நிராகரிக்கப்படலாம். தரம் பிரிப்பதை மண்டிக்கு விடாமல் தோட்டத்திலேயே செய்யுங்கள்.

* மண்ணோடு காயை மூட்டை கட்டாதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக் காயை அடையாளமின்றிக் கலக்காதீர்கள்.

* தனித்தனியே சான்று வாங்கும் செலவு தாங்காது. உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, ஒரே ரகத்தை ஒரே தரத்தில் லாரி நிறைய அனுப்பினால் செலவு பங்கிடப்படும்.

* வழியில் நின்று கெட்டாலோ, திரும்பி வந்தாலோ நஷ்டம் யாருடையது? இதை விலை பேசும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்து மீனவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியின் விலையை லாரி நின்ற பிறகே அறிந்தார்கள். நாம் சரக்கு ஏற்றுமுன்பே கேட்டுக்கொள்வோம்.