புதுப்பித்த காமிராவில் ஒரு புள்ளி



மாசாயில் எங்கள் பாட்டிக்கு எண்பது வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருந்தது. இளமை முழுவதும் பால்மரம் சீவியவர் அவர். தோட்டத்தில் எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. விழாவுக்காவது நல்ல படம் எடுப்போம் என்று, ஜொகூர் பாருவில் ஒரு கடையில், பழுது பார்த்துப் புதுப்பித்த டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கி வந்தோம்.

அன்று மாலையே வானத்தைப் படம் எடுத்துப் பார்த்தோம். மேல் மூலையில் மங்கலான ஒரு கரும்புள்ளி! லென்ஸைத் துடைத்தோம், போகவில்லை. சுவரை எடுத்தோம், பாட்டியை எடுத்தோம். புள்ளி அதே இடத்தில்தான் இருந்தது.

காரணம் என்ன? பழைய காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் சுருளின் புதிய பகுதி வந்து நிற்கும். டிஜிட்டல் காமிராவிலோ எல்லாப் படமும் ஒரே ஒளியுணர் சில்லின் மீதுதான் விழுகிறது. அதில் தூசி படிந்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறை தெரியும்.

வேறு குறைகளையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். லென்ஸை மூடிக்கொண்டு ஒரு படம் எடுங்கள். கறுப்பில் நிறப் புள்ளிகள் பல மின்னினால் சில்லில் பழுது. செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுங்கள். ஒரு பக்க எழுத்து மட்டும் மங்கினால் லென்ஸ் நிலை பிசகியிருக்கலாம். கைவிளக்கை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டு ஈரக்காற்றில் அது எளிதில் வளரும்.

வெப்பமும் ஈரமும் சில்லையும் விடுவதில்லை. சோனி நிறுவனம் தயாரித்த சில வகைச் சில்லுகள் இவற்றால் பழுதாகின்றன என்பது 2005 அக்டோபரில் தெரியவந்தது. அவை கேனன், நிக்கான் போன்ற பிற காமிராக்களிலும் இருந்தன. உத்தரவாதக் காலம் முடிந்த காமிராக்களுக்கும் இலவசமாகப் பழுது நீக்கித் தந்தார்கள்.

மறுநாளே ரசீதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினார் கடைக்காரர். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு பலகை பறித்துவிட முடியாது. பொருள் அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் விற்கும் முன்பே குறையைச் சொல்லியிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு கேட்க முடியாது. இதை அமைதியாக எடுத்துச் சொன்னோம். வேறு காமிரா கொடுத்தார்.

கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

எனவே, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய அன்றே சோதியுங்கள். விழா நாளன்று புள்ளியைக் கண்டிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? இன்று எங்கள் வீட்டுச் சுவரில் பாட்டி சிரித்துக்கொண்டிருக்கிறார். படத்தில் ஒரு புள்ளியும் இல்லை.