பூட்டியது சக்கரத்தை, போனது சைக்கிள்!

சென்னையில் சைக்கிள் வைத்திருக்கும் பலர், தங்கள் சைக்கிளைப் பத்திரமாகப் பூட்டிவிட்டுப் போவதாக நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் பூட்டுவது பின் சக்கரத்தை மட்டுமே! சைக்கிள் தெருவில் தனியாகத்தான் நிற்கிறது. அதைக் கிளப்பிக்கொண்டு போக ஓர் ஆள் போதும்.

"பத்து நிமிஷ வேலைதானே, பூட்டியாச்சு, அப்புறம் என்ன?" என்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில், பாரிமுனையில் நின்ற சைக்கிள் மினி வேனில் ஏறி யானைகவுனியைத் தாண்டிவிடும். (டிராபிக் இல்லாமல் இருந்தால்!)

பலே ஆசாமிகளுக்கு வேன்கூட வேண்டாம். சாதாரண கறுப்பு சைக்கிளின் எடை ஏறக்குறைய 20 கிலோ. கேரியரைத் தூக்கிப் பிடித்து, முன் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர் என்ன நினைப்பார்? "பாவம், சாவியைத் தொலைச்சுட்டாரு போல" என்று நினைப்பார். ஒரு கை கொடுத்து உதவினாலும் உதவுவார்!

சைக்கிளைப் பார், ஆளைச் சொல்

பட்டப்பகலில் நகரத்தைச் சுற்றி வந்தால், நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி தொங்கினால் அது காஸ் சிலிண்டர் போடுகிறவருடையது. கேரியரில் எவர்சில்வர் கேனும், ஹேண்டில்பாரில் பேப்பர் கப் பையும் இருந்தால் டீ வியாபாரி. பாரின் மேல் சாணைக்கல் இருந்தால் கத்தி, கத்தரிக்கோல் தீட்டுகிறவர். அவர் ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தால் சைக்கிள் நகராது, கல் சுற்றும்! வண்டியே அவருக்குப் பட்டறை.

சவுகார்பேட்டைப் பக்கம் மூட்டை ஏற்றும் 'டபுள் பார்' சைக்கிள்கள் இன்னும் நிற்கின்றன. துடைத்துத் துடைத்தே பளபளப்பாகிப்போன பழைய ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளும் சில இடங்களில் கண்ணில் படும். பெயர் இங்கிலீஷ், பிறப்பு அம்பத்தூர். 1949-ல் ஏற்பட்ட டி.ஐ. கம்பெனியின் தயாரிப்புகள் அவை. பழைய அட்லஸ் சைக்கிள் கிடைத்தால் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். அந்தக் கம்பெனியின் சாகிபாபாத் ஆலை 2020-ம் ஆண்டு ஜூன் 3-ந்தேதி வேலையை நிறுத்தியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்!

இப்படி வேடிக்கை பார்க்கிறவர் கண்ணில் படுவதெல்லாம் திருடன் கண்ணிலும் படும். டீ வியாபாரியின் சைக்கிள் போனால் அன்றைய வியாபாரமும் சேர்ந்து போகிறது. மறுநாள் பால் வாங்கப் பணம் ஏது?

பள்ளிக்கூட வாசலில் இன்னொரு சங்கடம். அரசு கொடுத்த இலவச சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு. பிளஸ்-1 பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டியும், சக்கர அச்சில் கலர் பூ மாட்டியும் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால்? பூவைக் கழற்றிவிட்டால்?

லட்ச ரூபாய் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் அது வேறு உலகம். டிபன் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கும் சில கார்பன் சைக்கிள்கள் லட்ச ரூபாய்க்கு மேல். அவற்றுக்கு ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது. பல வண்டிகளில் பூட்டும் கிடையாது!

இவற்றின் முன் சக்கரம் பெரும்பாலும் நட்டு போட்டு முடுக்கியது அல்ல. சிறிய நெம்புகோலைத் திருப்பிவிட்டால் ஸ்பேனர் இல்லாமலே கையோடு வந்துவிடும். பஞ்சர் ஒட்ட வசதி, திருடனுக்கும் வசதி. சில வண்டிகளில் சீட்டும் அப்படித்தான்.

பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பூட்டாத பாகம் மிஞ்சாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய சங்கதி உண்டு. 1972-ல் கிரிப்டோனைட் என்ற பூட்டுக் கம்பெனி, நியூயார்க்கில் ஒரு சைக்கிளைத் தெருக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டி 30 நாள் விட்டுவைத்தது. பூட்டு அசையவில்லை. சைக்கிளும் கம்பத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் பூட்டுக்குள் சிக்காத பாகங்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!

அதே கம்பெனிக்கு 2004-ல் மானம் போனது. அதன் உருளைச் சாவிப் பூட்டை, சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் திருப்பியே திறந்து காட்டினார்கள். கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எப்படிப் பூட்டுவது?

பின் சக்கரப் பூட்டை எறிந்துவிட வேண்டாம். அதோடு இன்னொரு பூட்டு வேண்டும். கனமான சங்கிலி, அல்லது 'யூ' வடிவ இரும்புப் பூட்டு. அது மூன்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்: சைக்கிளின் பிரேம், பின் சக்கரம், நகராத ஒரு கம்பம். முன் சக்கரத்தை மட்டும் கம்பியில் பூட்டிவிட்டுப் போனவர், திரும்பி வந்து சக்கரத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக நேரிடும்.

கம்பத்தை முதலில் ஆட்டிப் பாருங்கள். இடுப்பளவுக் கம்பமானால் சைக்கிளோடு பூட்டையும் மேலே தூக்கி உருவிவிடலாம். மின்சாரக் கம்பம், நடைபாதை மின் பெட்டி பக்கமே போக வேண்டாம். மழைக்காலத்தில் சைக்கிள் தப்பித்து ஆள் போய்விடக் கூடாது!

பூட்டு தரையில் கிடக்கக் கூடாது. தரையில் வைத்துச் சுத்தியலால் அடிப்பது சுலபம். உயரத்தில், இடைவெளி இல்லாமல், சாவித் துவாரம் கீழே பார்த்தபடி இருந்தால் மழைத் தண்ணீரும் இறங்காது.

பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டு பார்வைக்கு லட்சணம். கட்டருக்கு முன்னால் நிற்காது. நம்பர் பூட்டுக்காரர்கள் அவசரத்தில் கடைசி எண்ணை மட்டும் ஒரு சுற்று தள்ளிவிட்டுப் போவார்கள். திருடன் அதைத் திருப்பித் தள்ள எத்தனை நேரம் ஆகும்?

நம்பர் தெரியுமா?

போலீஸ் நிலையத்தில் முதல் கேள்வி, "சைக்கிள் நம்பர் என்ன?" என்பதுதான். "கறுப்பு கலர் சார், பெல் இருக்கும்" என்று சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, பெடல் அச்சு சுழலும் இடத்துக்கு அடியிலோ பிரேம் நம்பர் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கடை பில்லையும் எடுங்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். திருடனிடம் இருந்து பத்து சைக்கிள் பிடிபட்டால் எது உங்களுடையது என்று நிரூபிப்பது அந்த நம்பர்தான்.

திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை ஜெயில் உண்டு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் ஒரு புது அம்சம்: பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை குற்றவாளியாகி, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. பழைய சைக்கிள் பல இந்தக் கணக்கில் வந்துவிடும்.

ஆனால் திருட்டு சைக்கிள் என்று தெரிந்தே வாங்குகிறவருக்கும் மூன்று ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. "அண்ணே, அவசரம், ஆயிரம் ரூபா குடுங்க, எடுத்துக்கோங்க" என்று யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் முதலில் பில்லைக் கேளுங்கள். பிறகு பின் சக்கரத்தைப் பாருங்கள். பூட்டு உடைந்திருக்கிறதா?