கொட்டாவியும் மொழிபெயர்ப்பும்

மனிதன் எவரிடமும் கற்றுக்கொள்ளாமல் செய்யும் செயல்களுள் ஒன்று கொட்டாவி. தாயின் கருப்பையில் ஏறக்குறைய மூன்று மாதம் நிரம்பும் வேளையிலேயே சிசு தன் சின்னஞ்சிறு வாயை அகலத் திறந்து மூடுவதை மீயொலிப் படங்கள் காட்டியுள்ளன. பறவைக்கும் பாம்புக்கும் மீனுக்கும் கூட வாயை அங்ஙனம் திறந்து மூடும் வழக்கம் உண்டு. எந்த நாட்டிற் பிறந்தவராயினும், எம்மொழி பேசுபவராயினும், செயல் ஒன்றே. ஆகவே அதற்குரிய சொல்லை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது மிக எளிது என்றே எவரும் எண்ணுவர். அகராதியும் அவ்வாறே சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘யோன்’, துருக்கி மொழியில் ‘எஸ்னெமெக்’, தமிழில் கொட்டாவி விடுதல். ஒரே வரியில் விடை கிடைத்துவிடுகிறது. ஆயினும் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி மொழிபெயர்க்கப் புகுபவர் விரைவிலேயே இடறி விழுவார். ஏன் விழுவார் என்பதை ஆராய்ந்தால், சொற்கள் பொருள் கொள்ளும் முறை பற்றிய ஓர் உண்மை புலப்படும்.

கொட்டாவியைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் அதனுள் மூன்று நிகழ்ச்சிகள் அடங்கியிருப்பது தெரியும். முதலாவது, வாய் அகலத் திறக்கிறது. இரண்டாவது, தாடையும் கழுத்தும் நெஞ்சும் இழுபட்டு விரிகின்றன. சில வேளைகளிற் கைகளும் முதுகும் சேர்ந்து நீள்கின்றன. மூன்றாவது, நீளமாக உள்ளே சென்ற மூச்சு வெளியே விடப்படுகிறது. இவை யாவும் சில வினாடிகளுக்குள் நடந்து முடிகின்றன. திறத்தல், நீளுதல், மூச்சு விடுதல் என்னும் இம்மூன்றனுள் எதைப் பிடித்துக்கொண்டு பெயர் வைப்பது? இங்கேதான் மொழிகள் பிரிகின்றன.

ஆங்கிலம் பிடித்துக்கொண்டது திறந்த வாயை. ‘யோன்’ என்னும் சொல், அகலத் திறத்தல், வாய் பிளத்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. அதன் உறவினர் ஐரோப்பிய மொழிகளெங்கும் பரந்து கிடக்கின்றனர். ஜெர்மானிய மொழியிற் கொட்டாவியைக் குறிக்கும் ‘கேனென்’, இலத்தீனில் இடைவெளியைக் குறிக்கும் ‘ஹியாத்துஸ்’, கிரேக்கத்திற் பெரும் பிளவைக் குறிக்கும் ‘காஸ்மா’ ஆகியவற்றையெல்லாம் சொற்பிறப்பு ஆய்வாளர் ஒரே வேரோடு தொடர்புபடுத்துவர். உலகம் தோன்றுமுன் இருந்ததாகக் கிரேக்கப் புலவர் ஹெசியோட் கூறும் ‘காவொஸ்’ என்பதும் அடிப்படையில் வாய் பிளந்த வெறுமையே. பிற்காலத்தில் அது ஒழுங்கின்மையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இப்பிறப்பினை அறிந்தபின் ஆங்கிலச் சொல்லின் ஏனைய பொருள்கள் தாமே விளங்கும். மலையிடையே வாய் பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்கை ஆங்கிலேயர் ‘யோனிங்’ என்று அடைகொடுத்துச் சொல்வர். செல்வருக்கும் வறியவருக்கும் இடையே உள்ள பெரும் பிளவுக்கும் அதே அடைமொழியே வரும். செகப்பிரியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தில் நள்ளிரவில் இடுகாடுகள் செய்யும் செயலும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. அங்கே கல்லறைகள் வாய் திறக்கின்றன. அவற்றுக்கு உறக்கம் வரவில்லை. அவ்விடத்தில் ‘கொட்டாவி’ என்று தமிழில் எழுதிவிட்டால், அஞ்ச வேண்டிய அவையோர் சிரித்துவிடுவர்.

துருக்கி மொழி பிடித்துக்கொண்டதோ நீளும் உடலை. ‘எஸ்னெமெக்’ என்பதற்குக் கொட்டாவி விடுதல் என்பது ஒரு பொருள். இழுத்தால் நீளுதல், அழுத்தினால் ஒடியாது வளைந்து கொடுத்தல் என்பது மற்றொரு பொருள். பாரம் ஏறிய பலகை வளைந்து கொடுத்தாலும் துருக்கியர் இதே வினையைக் கூறுவர். அதே அடியிலிருந்து பிறந்த ‘எஸ்னெக்’ என்னும் சொல் நெகிழ்வானது என்று பொருள்படும். அதனோடு ‘லிக்’ என்னும் விகுதி சேர்ந்தால் ‘எஸ்னெக்லிக்’, அதாவது நெகிழ்ச்சி அல்லது மீள்தன்மை.

இச்சொல்லின் வளர்ச்சிக்கு வரலாறும் துணை நின்றது. துருக்கியில் 1928ஆம் ஆண்டில் அரபு எழுத்துக்குப் பதிலாக இலத்தீன் எழுத்து ஏற்கப்பட்டது. 1932ஆம் ஆண்டில் துருக்கி மொழிக் கழகம் நிறுவப்பட்டது. பிறமொழிச் சொற்களுக்கு ஈடாகத் துருக்கிய வேரிலிருந்தே சொல் தேடும் முயற்சி அக்காலத்தில் வலுப்பெற்றது. முன்னர் நெகிழ்ச்சியைக் குறிக்க ஐரோப்பியச் சொல் ஒன்றோடு அரபு விகுதியைச் சேர்த்து ‘எலாஸ்திகியெத்’ என்று வழங்கினர். இன்று ‘எஸ்னெக்லிக்’ என்பதே பெருவழக்கு. பொருளியலாளர் பேசும் கேள்வி நெகிழ்ச்சியும் பணியாளர் கேட்கும் நெகிழ்வான வேலை நேரமும் துருக்கியிற் கொட்டாவியின் அடிச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. துருக்கியர் எவரும் அதனை வேடிக்கையாகக் கருதுவதில்லை. அவர்தம் மொழியில் அவ்விரண்டும் ஒரே செயல்.

உண்மையிலேயே அவ்விரண்டுக்கும் உறவு உண்டு என்பதற்கு மருத்துவமும் சான்று தருகிறது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களை ஆராய்ந்த பிரித்தானிய நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ் வோல்ஷ், 1923ஆம் ஆண்டில் வியப்பான ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். நோயாளி எவ்வளவு முயன்றாலும் அசைக்க முடியாத கை, கொட்டாவி வரும்போது தானாகவே அசைந்தது. கொட்டாவியும் உடல் நீட்டமும் மனிதனின் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட ஓரிடத்திற் பிணைந்திருக்கின்றன என்பதை அது காட்டிற்று.

தமிழ் பிடித்துக்கொண்டது மூச்சை. கொட்டாவி என்னும் சொல்லின் ஈற்றில் ‘ஆவி’ நிற்கிறது. ‘ஆவித்தல்’ என்னும் பழைய வினைக்கும் கொட்டாவி விடுதல் என்னும் பொருள் உண்டு. தெலுங்கில் இதனைக் குறிக்கும் ‘ஆவலிந்த’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மூச்சு விடுதல் போலக் கொட்டாவியும் ‘விட’ப்படுகிறது. உடலுக்கு ஒட்சிசன் போதாமையாலேயே கொட்டாவி வருகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட விளக்கமும் மூச்சையே முதன்மையாகக் கொண்டது. ஆயின் அமெரிக்க உளவியலாளர் றொபேட் புரொவைனும் உடனாய்வாளரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதனை மறுத்தது. தூய ஒட்சிசனைச் சுவாசித்தவர்களுக்குக் கொட்டாவி குறையவில்லை. காபனீரொட்சைட்டு மிகுந்த காற்றைச் சுவாசித்தவர்களுக்கு அது கூடவுமில்லை. இதனால் தமிழ்ச் சொல் பிழையாகிவிடாது. மொழி ஒரு செயலின் காரணத்தைக் கூறுவதில்லை. கண்ணுக்கும் செவிக்கும் முதலிற் பட்டதைக் குறித்து வைக்கிறது.

இனி மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாட்டைக் காண்போம். ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு பயன்பாடுகள் உண்டு. உடலின் செயலைக் குறிக்கும்போது ‘எஸ்னெமெக்’ முற்றிலும் பொருந்தும். பெரும் பிளவைக் குறிக்கும்போது அது பொருந்தாது. அங்கே துருக்கியர் ‘உச்சுரும்’ என்பர். அதற்கு அதலபாதாளம், செங்குத்துப் பள்ளம் என்று பொருள். இருவருக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு என்பதை, அவர்களுக்கிடையே ‘உச்சுரும்’ உண்டு என்றே அவர்கள் கூறுவர். சலிப்பூட்டும் நாடகத்தையோ சொற்பொழிவையோ ‘ஒரு யோன்’ என்று ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் ஒதுக்குவர். துருக்கியில் அதற்கு ‘ஜான் சிக்கிஜி’ என்று பெயர். உயிரைப் பிழிவது என்பது அதன் நேர்ப்பொருள். நான்காவதாக, ஒருவர் கொட்டாவியினூடே ஏதேனும் சொன்னால், ஆங்கிலத்தில் ‘யோன்’ என்னும் வினையே சொல்லுதலையும் சேர்த்து உணர்த்திவிடும். துருக்கியில் ‘எஸ்னெயெரெக் ஸொய்லெதி’ என்று இரண்டு வினை வேண்டும். தமிழில் ‘கொட்டாவி விட்டபடி சொன்னார்’ என்று எச்சத்தை முன்வைத்து முற்றைப் பின்வைப்பது போன்றதே அது.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. துருக்கிச் செய்தி ஒன்றில், விதிகளை ‘எஸ்னெத்மெக்’ செய்ய அரசு முடிவு செய்தது என்று வருமாயின், அதனை விதிகளைக் கொட்டாவி விடச் செய்தல் என்று எவரும் பெயர்க்கமாட்டார். விதிகளைத் தளர்த்துதல் என்பதே கருத்து என்று எளிதில் உணர்ந்துகொள்வர். பிழை வெளிப்படையாகத் தெரியும்போது ஆபத்துக் குறைவு. பிழை தெரியாமல் நுழையும் இடமே கொடியது. செல்வருக்கும் வறியவருக்கும் இடையே வாய் பிளந்து நிற்கும் பிளவு என்று ஆங்கிலத்தில் எழுதியதைத் துருக்கியில் ‘எஸ்னெமெக்’ என்னும் வினையைக் கொண்டு பெயர்த்தால், வளைந்து கொடுக்கும் பிளவு, நெகிழக்கூடிய பிளவு என்னும் பொருள் அங்கே தோன்றக்கூடும். கடக்க முடியாதது என்று எச்சரிக்க வந்த வாக்கியம், தளரக்கூடியது என்று ஆறுதல் கூறும் வாக்கியமாகிவிடும். சொல் சரியாக இருந்தும் செய்தி தலைகீழாகிறது.

செய்தியைப் பெயர்ப்பவருக்கும், சட்டத்தைப் பெயர்ப்பவருக்கும், மருத்துவக் குறிப்பைப் பெயர்ப்பவருக்கும் இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே. இச்சொல்லுக்கு மறுமொழியிற் சொல் என்ன என்று கேட்பது போதாது. இவ்விடத்தில் இச்சொல் செயலின் எந்தப் பகுதியைச் சுட்டுகிறது என்று கேட்டல் வேண்டும். திறந்த வாயையா, நீண்ட உடலையா, வெளிவந்த மூச்சையா, அல்லது கேட்டவரின் சலிப்பையா? அக்கேள்விக்கு விடை கண்டபின்னரே அகராதியைத் திறத்தல் தகும்.

கொட்டாவி தொற்றும் இயல்புடையது. அதைக் காண்பவருக்கு மட்டுமன்றி, அதைப் பற்றிக் கேட்பவருக்கும் படிப்பவருக்கும் அது வருவதுண்டு. இதனைக் கேட்கும் வேளையில் நேயர் ஒருவருக்குக் கொட்டாவி வந்திருந்தால் அதனைச் சலிப்பின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலேயர் வாயிலும் துருக்கியர் வாயிலும் அது அவ்வாறே வந்திருக்கும். உடல் எல்லா நாட்டினருக்கும் ஒரே மொழியிற் பேசுகிறது. அதற்குப் பெயரிடும்போதுதான் மக்கள் வேறுபடுகின்றனர்.