கண்ணை மூடிய குரங்கும் கண்டு சொன்ன குரங்கும்

நம் பள்ளிச் சுவர்களில் ஆண்டுக்கணக்காக இடம் மாறாமல் இருக்கும் படங்களில் ஒன்று மூன்று குரங்குகள். ஒன்று கண்ணைப் பொத்தியிருக்கும், ஒன்று காதை, ஒன்று வாயை. கீழே 'தீயதைப் பார்க்காதே, தீயதைக் கேட்காதே, தீயதைப் பேசாதே' என்ற வாசகம். பக்கத்திலேயே காந்தியடிகள் படமும் இருக்கும். அதனால் இவை காந்தி வளர்த்த குரங்குகள் என்றே நம்பும் மாணவர்களும் உண்டு. கைப்பேசியில் இதே மூன்றும் எமோஜியாக வருகின்றன. 2010 ஆம் ஆண்டு யூனிகோட் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தக் குரங்குகளை நம் பிள்ளைகள் வெட்கத்துக்கும் கிண்டலுக்கும் பயன்படுத்துகிறார்கள். 'ஐயோ, உளறிட்டேன்' என்பதற்கு வாய் பொத்திய குரங்கு.

இந்தக் குரங்குகளின் சொந்த ஊர் ஜப்பான். டோக்கியோவுக்கு வடக்கே மலைகள் சூழ்ந்த நிக்கோ என்ற ஊரில் தோஷோகூ ஆலயம் இருக்கிறது. 1616 இல் மறைந்த தொகுகவா இயெயாசு என்ற ஆட்சியாளருக்காக எழுப்பப்பட்டது. இன்று காணும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1636 இல் திருத்திக் கட்டப்பட்டவை. தங்கமும் வண்ணமும் பூசி ஜொலிக்கும் அந்த வளாகத்தில் வண்ணம் பூசாத வெறும் மரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அது குதிரை லாயம். உலகப் புகழ்பெற்ற மூன்று குரங்குகள் அந்த லாயத்தின் நெற்றியில்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் அங்கே இருப்பவை மூன்று மட்டுமல்ல. எட்டுப் பலகைகளில் பதினாறு குரங்குகள். வரிசையாகப் பார்த்தால் ஒரு மனித வாழ்க்கையே கதையாக ஓடுகிறது. முதல் பலகையில் தாய்க்குரங்கு கையைப் புருவத்தில் வைத்துத் தொலைவைப் பார்க்கிறது. குட்டியின் எதிர்காலத்தைப் பார்க்கிறதாம். குட்டி அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. இரண்டாம் பலகையில்தான் நம் மூன்று குரங்குகள். பிறகு தனியே நிற்கத் தயாராகும் குரங்கு, வானத்தைப் பார்த்துக் கனவு காணும் இளங்குரங்கு, மனம் உடைந்த குரங்கும் அதைத் தேற்றும் நண்பனும், காதல், இல்லறம், கடைசியில் கருவுற்ற பெண் குரங்கு. பிறகு கதை மீண்டும் முதல் பலகைக்கே போகிறது.

ஆக, கண்ணும் காதும் வாயும் பொத்திய நிலை அங்கே குழந்தைப் பருவத்துக்கு உரியது. பிஞ்சு மனத்தில் கெட்டது பதிந்துவிடாமல் காக்க வேண்டும் என்பதே அந்தப் பலகைக்குத் தரப்படும் விளக்கம். அப்படியென்றால் காக்க வேண்டியது யார்? முதல் பலகையில் கண்ணைத் திறந்து தொலைவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்தான். எட்டில் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டியதால், பெரியவர்களின் பொறுப்பு குழந்தைக்கான கட்டளையாக மாறிவிட்டது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த மாற்றம்தான்.

மொழியாசிரியர்கள் ரசிக்க ஒரு செய்தி. ஜப்பானிய மொழியில் இந்தக் குரங்குகளின் பெயர்கள் மிசாரு, கிக்காசாரு, இவாசாரு. 'சாரு' என்றால் குரங்கு. பழைய ஜப்பானிய மொழியில் அதே ஒலியில் முடியும் விகுதி எதிர்மறைப் பொருளையும் தரும். நம் இலக்கணப்படி சொன்னால் எதிர்மறைப் பெயரெச்சம்: காணாத, கேளாத, பேசாத. இந்தச் சிலேடையால்தான் அறிவுரையைச் சொல்லக் குரங்கு வந்து உட்கார்ந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெயரில் 'தீயது' என்ற சொல்லே இல்லை. காணாத, கேளாத, பேசாத, அவ்வளவுதான். இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் கன்பூசியஸின் அறிவுரையிலோ கட்டளைகள் நான்கு. முறையற்றதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்பதோடு முறையற்றதைச் செய்யாதே என்பதும் உண்டு. செய்யாதே என்பதற்கு நான்காவது குரங்கு வைத்த பொம்மைகளும் உண்டு. ஆனால் நம் சுவருக்கு வந்து சேர்ந்தவை மூன்றுதான்.

ஜப்பானிய மக்களிடையே இந்தக் குரங்குகள் பரவியதற்கு 'கோஷின்' என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். மனித உடலுக்குள் மூன்று புழுக்கள் இருக்கின்றனவாம். அறுபது நாளுக்கு ஒருமுறை வரும் ஓர் இரவில், நாம் தூங்கும்போது அவை நழுவி வானுலகம் போய் நம் தவறுகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுமாம். அதனால் அந்த இரவு முழுக்கத் தூங்காமல் ஊரே கூடி உட்கார்ந்திருக்கும். அந்த நாளின் பெயரிலேயே குரங்கு இருப்பதால், வழியோரம் நட்ட கோஷின் கற்களில் மூன்று குரங்குகளைச் செதுக்கினார்கள்.

எட்டாம் வகுப்பில் இந்தப் புழுக் கதையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி, "போட்டுக் கொடுக்கிற புழு, டீச்சர்!" என்றாள். வகுப்பே சிரித்தது. சரி, நம் சுவரில் இருக்கும் படம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். "அதுவும் அதேதான் டீச்சர். யாரையும் போட்டுக் கொடுக்காதேன்னு சொல்லுது." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டினார்கள்.

அந்தப் படத்திலிருந்து சில அடி தள்ளி 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 1098, 14417 என்ற உதவி எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தவறு நடந்தால் சொல் என்கிறது பெட்டி. வாயைப் பொத்து என்கிறது படம். எழுதத் தெரியாத முதல் வகுப்புப் பிள்ளைக்கும் படம் புரியும், பெட்டி புரியாது. 2012 இல் வந்த போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. பெரியவர்களைச் சட்டம் பேசச் சொல்கிறது. ஆனால் முதலில் பேச வேண்டிய குழந்தை 'தீயதைப் பேசாதே' என்ற வரியைத் தினமும் படித்துக்கொண்டு உள்ளே போகிறது. தனக்கு நடந்ததைச் சொல்வதே கெட்ட பேச்சு என்று அது எடுத்துக்கொண்டால் அந்தக் குழந்தையைக் குறை சொல்ல முடியுமா?

காந்தியடிகளிடம் மூன்று குரங்குகள் கொண்ட சிறு பொம்மை ஒன்று இருந்தது உண்மை. அவர் வைத்திருந்த மிகச் சில பொருட்களில் அது ஒன்று. ஆனால் அவர் வாழ்ந்த விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1917 இல் சம்பாரணுக்குப் போன அவர் செய்த முதல் வேலையே அவுரித் தோட்ட விவசாயிகளின் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்ததுதான். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள். தீமையைப் பார்த்தார், கேட்டார், ஊரறியப் பேசினார். அந்தப் பொம்மை அவருக்குப் புறம்பேசாமைக்கும் மன அடக்கத்துக்கும் நினைவூட்டலாக இருந்திருக்கலாம். வாய்மூடி இருப்பதற்கான அனுமதிச் சீட்டாக இருந்திருக்க வழியில்லை.

மீண்டும் லாயத்துக்கு வருவோம். குதிரை கட்டும் இடத்தில் குரங்கை ஏன் செதுக்க வேண்டும்? குரங்கு இருந்தால் குதிரைக்கு நோய் வராது என்ற நம்பிக்கை ஆசியா நெடுக இருந்தது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூல் ஒன்று, லாயத்தில் எப்போதும் ஒரு குரங்கைக் கட்டி வைக்கச் சொல்கிறது. ஜப்பானில் குரங்காட்டிகள் லாயங்களுக்குப் போய்க் குதிரைகளின் நலனுக்காக வித்தை காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் இதன் தடயம் உண்டு. மன்னர் ஹர்ஷர் எழுதிய இரத்னாவளி நாடகத்தில் அரச லாயத்துக் குரங்கு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி அரண்மனையையே கலக்கும். பஞ்சதந்திரத்தில் தீக்காயம் பட்ட குதிரைகளுக்குக் குரங்கின் கொழுப்பு மருந்தாகச் சொல்லப்படும். (பாவம், அங்கே காவலே மருந்தாகிவிடுகிறது.)

லாயத்தில் வேலை பார்த்த இன்னொரு குரங்கு, ஆசியாவிலேயே அதிகக் குறும்பு செய்தது: சீனத்தின் சுன் வுகோங். 1592 இல் அச்சான 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற நூறு அத்தியாய நாவலின் நாயகன். கல்லிலிருந்து பிறந்தவன், எழுபத்திரண்டு உருமாற்றங்கள் அறிந்தவன். வானுலகில் அவனுக்குக் கொடுத்த முதல் பதவி குதிரைக் காவலன். அந்தப் பதவிப் பெயரே 'குதிரை நோய் விலக்குவது' என்று ஒலிக்கும் சிலேடை. அது கடைநிலைப் பதவி என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வெளியேறி, வானுலகையே எதிர்த்துப் போர் தொடுக்கிறான். நம் மாணவர்களுக்கு இவன் புதியவனல்ல. 1984 இல் தொடங்கிய டிராகன் பால் நாயகன் சன் கோகூவின் பெயர் இவன் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு. 2024 இல் வெளிவந்த 'பிளாக் மித்: வுகாங்' கணினி விளையாட்டும் இவனை வைத்ததுதான்.

அந்த நாவலில் இவனுக்குக் குருவாக வருபவர் நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்து ஹர்ஷரைச் சந்தித்து, காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிச் சென்ற அதே துறவி. வரலாற்றில் அவர் துணிச்சல்காரர். நாவலிலோ பயந்த சுபாவம், எளிதில் ஏமாறுபவர்.

வுகோங்கின் பிறவி அனுமனா என்பது பழைய விவாதம். இந்தியாவிலிருந்து போன உருவம் என்றார் ஹூ ஷி. இல்லை, சீனத்து நீர்க்குரங்குப் பூதத்திலிருந்து வந்தவன் என்றார் லூ சுன். அது எப்படியானாலும் ஒரு பண்பு இருவருக்கும் பொது. இருவரும் பார்ப்பவர்கள், பார்த்ததைச் சொல்பவர்கள். தாய்லாந்தின் ராமகியனில் அனுமன் வெள்ளை நிறம், பல காதல்கள் கொண்டவன். ஜாவாவின் நிழற்கூத்திலும் வெள்ளைக் குரங்குதான். 'தப்பா வரைஞ்சிருக்காங்க டீச்சர்' என்று பிள்ளைகள் சொல்லும் அளவுக்குத் தோற்றம் மாறுகிறது. ஆனால் கடல் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் தூதன் என்ற வேலை மாறவில்லை. கம்பர் ஒரு படி மேலே போய் அவனைச் 'சொல்லின் செல்வன்' ஆக்கினார். இலங்கையிலிருந்து திரும்பியவன் தவிப்பை நீட்டாமல் 'கண்டேன்' என்ற பொருள் தரும் சொல்லையே முதலில் வைப்பதைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் எத்தனை முறை நடத்தியிருப்போம்! கொடுமையைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, உரிய இடத்தில் வாயால் சொன்ன குரங்கு அது.

வுகோங்கின் கதையில் எனக்கு மிக முக்கியமானது இருபத்தேழாம் அத்தியாயம். உலையின் புகையில் சிவந்துபோன அவன் கண்களுக்கு எந்த வேடத்தையும் ஊடுருவும் ஆற்றல் உண்டு. வழியில் ஒரு பெண் உணவோடு வருகிறாள். பூதம் என்று கண்டுகொண்டு அடிக்கிறான். பூதம் பொய்யுடலைப் போட்டுவிட்டுத் தப்புகிறது. அடுத்து மகளைத் தேடும் கிழவியாக வருகிறது, பிறகு முதியவராக வருகிறது. மூன்று முறையும் வுகோங் உண்மையைச் சொல்கிறான். குருவுக்குத் தெரிவது நல்ல மனிதர்களின் பிணங்கள்தான். கூட இருக்கும் பன்றிமுகச் சீடன் 'இவன் கண்கட்டு வித்தை காட்டுகிறான்' என்று வேறு தூபம் போடுகிறான். குரு மந்திரம் சொல்லித் தலைவளையத்தை இறுக்கித் துடிக்க வைக்கிறார். கடைசியில், இனி நீ என் சீடனல்ல என்று எழுதிக் கொடுத்து விரட்டிவிடுகிறார்.

வீட்டுக்கு வந்துபோகும் மரியாதையான மனிதரைப் பற்றி ஒரு பிள்ளை ஏதோ சொல்கிறது. 'அவரா? இருக்காதே' என்கிறோம். அவன் ஏற்கெனவே சேட்டைக்காரன் என்றால் இன்னும் எளிது, 'இவன் சொல்றதையெல்லாம் நம்ப முடியாது' என்று முடித்துவிடுகிறோம். வுகோங்கும் சேட்டைக்காரன்தான்.

வகுப்பில் செய்து பார்க்கத் தனிப் பாடவேளை தேவையில்லை. ஹர்ஷர் பாடத்தில் யுவான் சுவாங் வரும் நாளிலேயே இக்கதையைத் தொடங்கலாம். விரட்டிவிடும் இடத்தில் நிறுத்திவிட்டு, குரு என்ன கேட்டிருக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் வந்த பதில்கள்: "ஏன் அடிச்சேன்னு ஒரு தடவைகூட கேக்கல." "பன்னி சொன்னதை உடனே நம்பிட்டாரு." "மூணு பேரும் ஒரே காட்டுல எப்படி வந்தாங்கன்னு யோசிச்சிருக்கணும்." அதன்பின், போட்டுக் கொடுப்பதற்கும் சொல்வதற்கும் என்ன வேறுபாடு என்று குழுக்களாகப் பேசவிடுங்கள். ஒருவரை மாட்டிவிடச் சொல்வது ஒன்று, ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது வேறு என்பதை நாம் எடுத்துக் கொடுக்காமலேயே பிள்ளைகள் எட்டிவிடுவார்கள். சுவரில் உள்ள படத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் கீழே உள்ள வாசகத்தைத் தம் சொற்களில் திருத்தி எழுதச் சொல்லலாம். சிறு வகுப்புகளுக்கு முதல் பலகையின் தாய்க்குரங்கை வரையச் சொல்லிப் பக்கத்தில் ஒட்டலாம்.

மீதிக் கதையைப் பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள். வுகோங் போன பிறகு வேறொரு பூதம் குருவைப் புலியாக மாற்றிவிடுகிறது. ஊரார் கண்ணுக்கு இப்போது அவர்தான் பூதம். அவரால் எதையும் விளக்க முடியாது. தூபம் போட்ட பன்றிமுகச் சீடனே மலைக்குப் போய் வுகோங்கைக் கெஞ்சி அழைத்து வர வேண்டியிருக்கிறது. அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.