இலையைக் கண்டு இனம் அறிவோம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைக்கு வரும் புஷ்பக் காவடிகளைக் காணாதவர் நம் சங்க அங்கத்தினர்களில் இருக்க மாட்டார்கள். பூவுக்குக் கிராக்கி உள்ள ஊர் இது. ஆயினும், மல்லிகை பயிரிட்டோர் யாவரும் அதன் பயனை முழுமையாகப் பெற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. இனம் அறியாமல் கன்று வாங்குவதும், காலம் தவறிக் கவாத்து செய்வதும் இதற்கு முக்கியமான காரணங்களாகும்.

மல்லிகை என்றும் பசுமை மாறாத, கொடிபோல் படரும் புதர்ச்செடி. நம் பக்கத்தில் பயிராவன மூன்று: குண்டுமல்லி, முல்லை, பிச்சி. பிச்சியை ஜாதிமல்லி என்போரும் உண்டு. எல்லையோரத்தில் தெலுங்கு பேசுவோர் அதனை ஜாஜி என்பர். பெயர் மொழிக்கு மொழி மாறும், இலை மாறாது. ஆகையால், பூவாத கன்றை வாங்கும்போது இலையையே சான்றாகக் கொள்ள வேண்டும்.

குண்டுமல்லியின் கணுவில் எதிரெதிராகத் தனி இலைகள் அமைந்திருக்கும். முல்லையில் ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடு இலை பெரியது, பக்கத்து இரண்டும் காது மடல்போல் மிகச் சிறியவை. இதன் லத்தீன் பெயருக்கே சிறு காதுடையது என்பதுதான் பொருள். பிச்சியிலோ ஒரே காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும்.

இனத்தை அறிவது ஏன் முக்கியம்? கவாத்துக் காலம் மூன்றுக்கும் வெவ்வேறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். கவாத்துக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, செடியைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, காய்ந்த கிளைகளையும் நோயுற்ற கிளைகளையும் களைதல் வேண்டும். புதிதாகத் துளிர்க்கும் கிளைகளிலேயே பூ வருகிறது. காலம் தவறினால் அப்பருவத்துப் பூ குறையும். பாவில் வேறு எண் நூல் கலந்துவிட்டால் துணி முழுவதும் கெடும் என்பதை நெசவாளர் அறிவார்கள். ஒரே வயலில் இனம் கலந்து நட்டவர் நிலையும் அதுவே.

கவாத்து முடிந்ததும் செடி ஒன்றுக்குப் பத்து கிலோ தொழுஉரமும், பரிந்துரைக்கப்பட்ட இரசாயன உரத்தில் பாதியும் இட்டு நீர் பாய்ச்சுக. மறுபாதியை ஜூன், ஜூலையில் இடுக. வேரடியில் நீர் தேங்கலாகாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்குமானால் அது இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மஞ்சள் நீங்கும் வரை மாதம் ஒரு முறை தெளித்தால் குணமாகும். மொட்டுப் புழுவால் துளைக்கப்பட்ட மொட்டுகளைச் செடியடியில் உதிர விடாமல் சேர்த்து அழிக்க வேண்டும். மாலையில் மலரும் மொட்டை விடியற்காலையிலேயே பறித்தால்தான் சந்தையில் மதிப்புண்டு.

நட்ட ஆறு மாதத்தில் சில பூக்கள் தலைகாட்டினும், வருவாய் தரும் விளைச்சல் இரண்டாம் ஆண்டிலிருந்துதான். பராமரித்தால் பத்தாண்டுக்கு மேலும் பலன் தரும். கடன் வாங்கிப் பயிரிடுவோர் இதை மனத்திற் கொள்ளல் நலம். செடி பூக்கும் வரை தவணை காத்திராது. எனவே, தனித்தனியே கண்ட இடத்தில் கன்று வாங்காமல், அங்கத்தினர் பலர் கூடி, நம்பகமான நாற்றுப் பண்ணை ஒன்றில், இலையைப் பார்த்து, ஒரே இனமாக வாங்குவார்களாக. அவ்வாறு வாங்கினால் கவாத்தும் ஒரே காலத்தில் நடக்கும். பூவும் சேர்ந்து சந்தைக்குப் போகும். தனியொருவருக்குக் கிட்டாத விலை பலருக்கும் கிட்டும்.